மாலத்தீவில் நீரோட்ட டைவ்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஜனவரியில் நானும் கணவரும் ஸ்கூபா டைவ் செய்ய மாலத்தீவின் வாவு அட்டோலுக்கு (வளையமான பவளத்தீவுக் கூட்டம்) போகிறோம். அங்கே பவளத்திட்டுகளுக்கு நடுவே உள்ள ‘கண்டு’ என்னும் கால்வாய்களில் 30 மீட்டர் வரை இறங்கி, நீரோட்டத்தோடு போக வேண்டும். இருவருக்கும் அட்வான்ஸ்டு சான்றிதழ் உண்டு. ஆனால் செய்த 28 டைவும் அந்தமானில், பெரும்பாலும் அமைதியான தண்ணீரில்.

சிலிண்டரில் உள்ள காற்றுதான் என் கவலை. 30 மீட்டரில் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு வேகமாகத் தீரும். போன முறை லேசான நீரோட்டத்தை எதிர்த்துக் காலடித்ததற்கே சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் 120 பாரிலிருந்து 70-க்கு மளமளவென்று இறங்கியது. பயந்துவிட்டேன்.

ரீஃப் ஹூக் (நீரோட்டத்தில் அடித்துப் போகாமல் பாறையில் மாட்டிக்கொள்ளும் கொக்கி) மாட்டுவது, நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட நீருக்கடியிலிருந்து மிதவை விடுவது இரண்டையும் கிளம்புமுன் எங்கே பழகலாம்? நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த சிலிண்டர் காற்று) பயிற்சியை முதலில் முடித்துவிடலாமா? அப்புறம், நீரோட்டத்தில் கூட டைவ் செய்யும் துணையைத் தவறவிட்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.