புது பிளக், புது ஒயர், ஆனா இன்ஜின் உதறுது: பார்த்த கேஸ்களைப் போடுங்க

கார்புரேட்டர் காலம்

மாருதி 800, கார்புரேட்டர் மாடல். மூணு ஸ்பார்க் பிளக்கும் (பெட்ரோலைப் பத்த வைக்கிற பொறி தர்றது), அதுக்குக் கரண்ட் கொண்டு போற ஒயர் செட்டும் புதுசு. ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஐடிலிங்ல ஸ்டீயரிங் வரைக்கும் உதறல். லோடு ஏத்தி மிதிச்சா சைலன்சர்ல டப் டப். ஒயர் வரிசை சரி, டைமிங்ல யாரும் கை வைக்கல. பகல்ல எவ்வளவு குனிஞ்சு பார்த்தும் ஒண்ணும் சிக்கல.

ராத்திரி லைட்டையெல்லாம் அணைச்சிட்டு பானட்டைத் திறந்து, ஓடுற இன்ஜின்ல ஒயர் மேல ஸ்ப்ரே பாட்டில்ல லேசா தண்ணி அடிச்சா, ரெண்டாவது சிலிண்டர் பிளக் கேப் (ஒயர் முனையில பிளக்கைக் கவ்வுற ரப்பர் மூடி) அடியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு நீலமா ஒரு நூல் துடிக்குது. சடக் சடக்னு சத்தம் வேற. கழட்டிப் பார்த்தா பீங்கான்ல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்புத் தடம். பாக்ஸ் ஸ்பேனரைச் சாய்ச்சுப் பிடிச்சு இறுக்கினதுல பீங்கான்ல முடி அளவு விரிசல். பிளக்கை மட்டும் மாத்தினா போதாது. அதே கரித்தடம் ரப்பர் கேப்புக்குள்ளயும் பதிஞ்சிருக்கும், அந்தக் கேப்பைப் போட்டா புதுப் பிளக்கும் அதே வழியில கசியும். ரெண்டையும் சேர்த்து மாத்தினதும் இன்ஜின் நின்ன மாதிரி அமைதி.

மூணு பேர் வரிசை

மேல 800 கேஸ் போட்ட அண்ணே, உங்க கேஸ் உண்மைதான், ஆனா முதல்ல பார்க்க வேண்டியது அது இல்ல. பழைய செட்டை மொத்தமா உருவிட்டுப் புதுசு மாட்டினாங்கன்னா வரிசை மாறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 800-ல ஃபயரிங், அதாவது சிலிண்டர்கள் எரியிற வரிசை, 1-3-2. ரெண்டையும் மூணையும் மாத்திக் குத்தினா ஒண்ணாம் சிலிண்டர் மட்டும்தான் சரியா எரியும். அப்போ உதறல்னு சொல்ல மாட்டாங்க, வண்டியே எடுக்காது, கார்புரேட்டர் வழியா திருப்பி அடிக்கும்.

இதைவிட ஏமாத்தினது ஒரு பழைய அம்பாசடர். பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனி டிசைன் இன்ஜின், ஃபயரிங் 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர்ல (ஸ்பார்க்கை ஒவ்வொரு ஒயருக்கும் பிரிச்சு அனுப்புறது) ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில சுத்தும். ஒயரை யாரோ கடிகாரத் திசையில 1, 3, 4, 2-னு மாட்டியிருக்காங்க. ரோட்டார் சந்திக்கிறது 1, 2, 4, 3. ஒண்ணும் நாலும் சரியான நேரத்துல எரியுது, நடுவுல ரெண்டும் தப்பு. அரைகுறையா இரைஞ்சுகிட்டு நிக்குது, அதனால வரிசை மேல யாருக்கும் சந்தேகமே வரல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, செல்ஃபைத் தட்டி ரோட்டார் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் மாட்டுங்க.

நாலு ஒயர்

வரிசை வரிசைனு எல்லா வண்டிக்கும் சொல்லாதீங்க. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாம காயில் பேக்லேருந்து, அதாவது ஹை வோல்டேஜ் உண்டாக்குற பெட்டியிலேருந்து, நேரா நாலு ஒயர் வர்ற வண்டிகள்ல 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரே நேரத்துல ஸ்பார்க் விழும். ஒண்ணையும் நாலையும் மாத்திக் குத்தினா எந்த வித்தியாசமும் தெரியாது. ஒண்ணையும் ரெண்டையும் மாத்தினாத்தான் தகராறு.

அப்படி ஒரு வண்டியில ஸ்கேனர் பி0302 காட்டுச்சு, அதாவது ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங். ரெண்டாவது பிளக்கை நாலுக்கு மாத்தினதும் அந்தக் கோட் நம்பர் பி0304 ஆச்சு. ஆக ஒயர், காயில், இன்ஜெக்டர் எல்லாம் விடுதலை. பிளக் உச்சியில இருக்கிற குட்டி நட்டை விரலால திருகினா சுத்துது! அவ்வளவுதான் கோளாறு. நட்டு மறை வச்ச பிளக்னா பிளையர்ல ஒரு பிடி பிடிச்சிட்டுத்தான் உள்ள இறக்கணும். கேப்பை அமுக்கும்போது டக்னு கவ்வுற சத்தம் கையில உணரணும், வெறும் ரப்பர் இறுக்கத்தை நம்பாதீங்க.

ஃபீலர் கேஜ்

ஒரு வண்டியில மூணு பிளக்ல ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரே இடைவெளி, நாலாவதுல ஃபீலர் கேஜோட (இடைவெளி அளக்கிற தகடு செட்) மெல்லிசு தகடுகூட நுழையல. கீழ விழுந்து எர்த் முனை (வெளிப்பக்கம் வளைஞ்சு நிக்கிறது) அமுங்கியிருக்கு. ஐடிலிங்ல மட்டும் மிஸ்ஸிங்.

மாட்டப் போறவங்களுக்குச் சில விஷயம். இடைவெளியை மேனுவல் அளவுக்கு வைங்க, பெட்டியில வந்தபடி போடாதீங்க. எர்த் முனையை மட்டும் வளைக்கணும், நடு முனையை நெம்பினா பீங்கான் போச்சு. வாஷர் உள்ள 14 மிமீ புதுப் பிளக்கைக் கையால கடைசி வரை சுத்தி, அப்புறம் ஸ்பேனர்ல அரையிலிருந்து மூணில் ரெண்டு பங்கு சுத்துக்குள்ள நிறுத்துங்க. டார்க் ரென்ச் இருந்தா அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். பழைய பிளக்கையே திரும்பப் போட்டா வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுத்து போதும். மறைக்கு கிரீஸ் தடவினா அதே முறுக்குக்கு அதிகமா இறுகிடும், தடவாதீங்க.

ஹீட் ரேஞ்சுல, அதாவது பிளக் எவ்வளவு வேகமா சூட்டை வெளியே விடுதுங்கிற கணக்குல, நிறைய பேர் சறுக்குறாங்க. என்ஜிகே கம்பெனியில நம்பர் ஏற ஏற குளிர்ந்த பிளக், பாஷ் கம்பெனியில ஏற ஏற சூடான பிளக். என்ஜிகே பிபி6இஎஸ்-க்கு இணை பாஷ் டபிள்யூ7டிசி. நம்பரை மட்டும் பார்த்து மாத்தினா, ஊருக்குள்ள ஓடுற வண்டியில குளிர்ந்த பிளக் கரி பிடிச்சு ஒரு வாரத்துல மிஸ் அடிக்கும்.

புது ஒயர்தானேன்னு விட்டுடாதீங்க, மல்டிமீட்டர்ல அளங்க. கார்பன் ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 20 கிலோ ஓம். நாலும் நீளத்துக்கு ஏத்த மாதிரி ஒத்துப் போகணும். வளைச்சுப் பிடிக்கும்போது ரீடிங் குதிச்சா உள்ள முறிவு. கழட்டும்போது ஒயரைப் பிடிச்சு இழுக்கிறதுலதான் அது நடக்குது, கேப்பைத் திருகி இழுங்க.

எர்த் பண்ணுங்க

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க ஒயரை ஒவ்வொண்ணா உருவுறவங்க அதை அந்தரத்துல விடாதீங்க. ஸ்பார்க்குக்குப் போக்கிடம் இல்லன்னா காயில் உள்ளேயே துளைச்சிடும். ஒரு ஸ்பேர் பிளக்கைச் செருகி, அதோட உடம்பை ஹெட்டுல தொட வைங்க. உருவினதும் உதறல் கூடலைன்னா அதுதான் செத்த சிலிண்டர். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில இந்தச் சோதனையே வேண்டாம், எரியாத பெட்ரோல் அதுக்குள்ள போய் எரியும். அதுக்குப் பதிலா இன்ஜெக்டரோட கரண்ட் கனெக்டரைக் கழட்டிப் பாருங்க.

இங்க யாரும் சொல்லாத ஒண்ணு: ஒரு வண்டியில பிளக், ஒயர் எல்லாம் பக்கா, ஆனா ஐடிலிங் ஏறி இறங்குது. ஒயர் மாட்டும்போது முழங்கை பட்டு இன்டேக்ல பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள் புகையை இன்டேக்குக்குக் கொண்டு போற குழாய்) பாதி கழண்டிருந்தது. உஸ்ஸுன்னு காத்து இழுக்குது, விரலை வச்சு அடைச்சதும் ஆர்பிஎம் அப்படியே இறங்குச்சு.