மறு: படுகையில் சிறுத்தை – கூண்டு வைக்கப் பணம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக இங்கே படுகைச் சிறுத்தையைத் தவிர வேறு பேச்சே இல்லை. கால்தடம், செத்த ஆடு, செல்போனில் ஒரு கருப்பு உருவம் என்று குழுவில் படங்கள் வேறு. கும்பாபிஷேகத்தில் மீந்த பணத்தை எடுத்து இரும்புக் கூண்டு செய்து கொள்ளிடக் கரையில் வைக்கலாம் என்கிறார் ஷார்ஜா சித்தப்பா. குட்டியோடு ஒரு குடும்பமே கரும்புக்குள் இருக்கிறது, வனத்துறை மறைக்கிறது என்று மெல்போர்ன் தம்பி எழுதியிருக்கிறான். சிங்கப்பூர் மாமாவோ, எல்லாம் வாட்ஸப் புரளி, 2024இலும் இப்படித்தான் கிளப்பிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மூன்று பேரிடமும் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

முதலில் மாமாவுக்கு. 2024இல் நடந்தது புரளி இல்லை மாமா. ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை டவுனுக்குள்ளேயே, கூறைநாடு செம்மங்குளம் பக்கம் ராத்திரியில் ஒரு சிறுத்தை போனதைக் கண்காணிப்புக் கேமரா பிடித்தது. நாய்கள் அதை விரட்டிக்கொண்டு ஓடியதும் பதிவாகியிருந்தது. கால்தடம் எடுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், தானியங்கிக் கேமரா கட்டினார்கள், கூண்டும் வைத்தார்கள். அது சிக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் ஆவதற்குள் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம் செந்துறையில் ஆஸ்பத்திரி வளாகத்துக் கேமராவில் ஒரு சிறுத்தை தெரிந்தது. மலையும் காடும் இல்லாத நம்ம பக்கத்தில் சிறுத்தை வரவே வராது என்று இனி யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சரி, வந்தது. அதனால் இங்கேயே தங்கிக் குட்டி போட்டு வாழ்கிறது என்று ஆகிவிடுமா? வழி தவறி வந்த ஒன்று ஊரைக் கடந்து போவது ஒரு சங்கதி. தலைமுறையாகக் குடியிருப்பது வேறு சங்கதி. நம்ம குழுவில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் இருக்கிற இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் இந்தக் குழப்பத்துக்கு வயது அறுபதுக்கு மேல். 1960களில் சர்ரியில் பூமாவை (அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனை இனம்) பார்த்தோம் என்று ஆரம்பித்தார்கள். 1983இல் எக்ஸ்மூரில் ஆடுகள் வரிசையாகச் சாக, துப்பாக்கியோடு கடற்படை வீரர்களையே அனுப்பிக் காவல் வைத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து கார்ன்வாலில் பாட்மின் மூர் என்கிற பொட்டல்வெளி. அங்கே விவசாயிகள் போட்ட கூச்சலில் அரசாங்கம் 1995இல் முறையாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது: பெரிய பூனை இருப்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை, இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. அறிக்கை வந்த சூட்டோடு அங்கே ஓடும் ஃபௌவி ஆற்றில் ஒரு பையன் கையில் மண்டையோடு ஒன்று கிடைத்தது. நீளமான கோரைப்பல். பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்தார்கள். சிறுத்தையின் மண்டைதான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு, அதுவும் இங்கிலாந்துக் குளிரில் பிழைக்காத வெப்பநாட்டு இனம். எலும்பில் கத்திக் கீறல்கள். யார் வீட்டுக் கூடத்திலோ விரித்திருந்த தோல் விரிப்பிலிருந்து கழற்றிய தலை அது.

இதைச் சொல்வது இங்கிலாந்துக்காரர்களைக் கேலி செய்ய இல்லை. அங்கேயும் நிஜமாகவே விலங்கு சிக்கியிருக்கிறது. 1980இல் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயி வைத்த கூண்டில் உயிரோடு ஒரு பூமா அகப்பட்டது. அதுவோ ஆளைக் கண்டு பயப்படாத வளர்ப்பு மிருகம். யாரோ வளர்த்து விட்டிருக்கிறார்கள். 1976இல் ஆபத்தான விலங்குகளை வீட்டில் வளர்க்க லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கட்டணம் கட்ட மனமில்லாமல் சிலர் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள் என்று பேச்சு உண்டு. 1991இல் நார்ஃபோக்கில் ஒரு லிங்க்ஸ் (குளிர்நாட்டுக் காடுகளில் வாழும் நடுத்தரப் பூனை இனம்) சுடப்பட்டது. 1988இல் ஹேலிங் தீவில் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது எது தெரியுமா? நம்ம வாய்க்கால் கரையில் தவளை பிடிக்குமே, அந்தக் காட்டுப்பூனை இனம்!

2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிங்யுசி பக்கம் யாரோ சட்டவிரோதமாக நான்கு லிங்க்ஸ்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, நான்கையும் பிடித்துவிட்டார்கள் (ஒன்று பிழைக்கவில்லை, பாவம்). உண்மையான மிருகம் இருந்தால் கேமராவிலோ கூண்டிலோ கார் சக்கரத்திலோ எப்படியும் அகப்பட்டுவிடுகிறது. அறுபது வருஷமாகக் குடும்பம் நடத்தும் பெரிய பூனைக் கூட்டத்தில் ஒன்றுகூட ரோட்டில் அடிபடாமல் இருக்கிறது என்றால் நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இன்னொன்று, பார்த்தவர்கள் பாதிக்கு மேல் "கருப்பு, பளபளவென்று கருப்பு" என்கிறார்கள். பிடிபட்டவை பூமாவும் லிங்க்ஸும். கருப்பு பூமா என்று ஒன்றை உலகத்தில் எங்கேயும் உறுதிசெய்ததே இல்லை.

மெல்போர்ன் தம்பி உடனே கேட்பான்: "காடு இல்லாவிட்டாலும் கரும்புக்குள் சிறுத்தை வாழுமே அண்ணா?" வாழும். அதை நான் மறுக்கவே இல்லை. மகாராஷ்டிராவில் அகோலே பள்ளத்தாக்கில் கேமரா வைத்து எண்ணிப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள்: 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5 சிறுத்தைகள், சுற்றிலும் ஜனங்கள், வயல், கரும்பு. தின்றதில் எடைக்கணக்கில் 87 சதவீதம் வீட்டு விலங்கு. அதில் நாய் மட்டும் 39 சதவீதம், ஆடு அதைவிட ரொம்பக் குறைவு. அந்தப் பக்கத்து ஜுன்னாரில் கரும்பு வெட்டும் சீசனில் தோகைக்குள் சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பது வழக்கமான செய்தி.

இப்போது நம்ம ஊருக்கு வா. ஆலைக்கும் பொங்கலுக்கும் வருஷா வருஷம் கரும்பு வெட்டுகிறோம். எந்த வெட்டிலாவது குட்டி கிடைத்ததாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? நாய்? போன தடவை ஊருக்குப் போனபோது மேலத்தெருவில் செருப்பைக் கழற்றி வைக்க முடியவில்லை, அத்தனை நாய். சிறுத்தை குடியிருக்கிற ஊரில் முதலில் காணாமல் போவது அதுதான்.

குழுவில் போட்ட படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து எடுத்தவன் புத்திசாலி, யாராக இருந்தாலும் பாராட்டுகள். தடம் தீப்பெட்டி நீளத்தைத் தாண்டவில்லை. வளர்ந்த சிறுத்தை என்றால் உள்ளங்கை அகலத்துக்கு அழுந்தியிருக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு விரலுக்கு முன்னாலும் ஈர மண்ணில் கூர்மையாக ஒரு புள்ளி இருக்கிறது. அது நகம். பூனை ஜாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாய்க்கும் நரிக்கும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செத்த ஆட்டின் படத்திலும் பின்தொடையும் வயிறும் கண்டபடி பிய்ந்திருக்கின்றன, கழுத்து அப்படியே இருக்கிறது. சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்து, புதருக்குள் இழுத்துக்கொண்டு போய்த்தான் தின்னும். என் கண்ணுக்கு இது தெருநாய்க் கூட்டத்தின் வேலை. ஆட்டைப் பறிகொடுத்த கீழத்தெரு அத்தைக்கு எது கடித்தாலும் நஷ்டம் நஷ்டம்தான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

செல்போனில் எடுத்த அந்தக் கருப்பு உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருஞ்சிறுத்தை என்பது தனி இனம் இல்லை, சாதாரணச் சிறுத்தையிலேயே நிறம் மாறிப் பிறப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில்தான் அதிகம் தென்படும். படத்தில் அதற்குப் பின்னால் தெரியும் நாணல் தட்டையோடு ஒப்பிட்டால் இடுப்புக்குக் கீழே நிற்கிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான் சொல்ல முடியும். அளவு தெரியாத தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில் மனசு பெரிதாகத்தான் பார்க்கும். 2012இல் எசெக்ஸில் சிங்கம் என்று சொல்லி ஹெலிகாப்டர் பறக்கவிட்டுத் தேடினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக் கொழுத்த வளர்ப்புப் பூனையாகத்தான் இருக்கும் என்று ஆனது.

சித்தப்பா, இனி கூண்டு. சிறுத்தை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் அதைப் பிடிக்கக் கூண்டு வைத்தால் நம்ம ஊர்ச் சங்கத் தலைவர் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான். கேஸ் போட்டால் வந்து நிற்கப்போவது ஷார்ஜாவிலோ எக்ஸிட்டரிலோ இருக்கிற நாமில்லை, ஊரில் இருக்கிற பெரியவர்கள். வனத்துறையே வைத்தாலும் சட்டென்று விழுந்துவிடாது. 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் பழைய குடோனுக்குள் இருப்பது நன்றாகத் தெரிந்த சிறுத்தையே கூண்டுக்கு வர நாள்கணக்கில் ஆயிற்று. நம்ம கூண்டில் ஆட்டுக்குட்டியைக் கட்டினால் விழப்போவது கீழத்தெரு நாய்.

வனத்துறை மறைக்கிறது என்பதும் எனக்கு ஒட்டவில்லை. 2024இல் மறைத்தார்களா என்ன? தினமும் அறிக்கை விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் யோசனை இது. கும்பாபிஷேகப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஆடு வளர்க்கிறவர்களுக்கு மேலே மூடி, நான்கு பக்கமும் கம்பிவலை அடித்த பட்டி போட்டுக் கொடுக்கலாம். நாயோ நரியோ சிறுத்தையோ, ராத்திரியில் எதற்கும் தாங்கும். கீழத்தெரு அத்தைக்குத்தான் முதலில். அரசாங்க நஷ்டஈடு வருமா வராதா என்று காத்திருக்காமல் ஆட்டின் விலையை நாமே கொடுத்துவிடுவோம். அப்புறம், அசைவு கண்டால் தானாகப் படமெடுக்கும் கேமரா இரண்டு நான் வாங்கி அனுப்புகிறேன், சங்கக் கணக்கில் வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஒன்றை ஐயனார் திடல் மூங்கில் கொத்திலும் இன்னொன்றைப் படுகைக்கு இறங்கும் வண்டிப்பாதையிலும் கட்டட்டும். சம்பா அறுப்பு முடிகிறவரை இருக்கட்டும். நரியும் மரநாயும்தான் வரும் என்று நினைக்கிறேன். நிஜமாகவே சிறுத்தை வந்தால் அந்தப் படத்தோடு சரக அலுவலகத்துக்குப் போகலாம், அப்போது யாரும் புரளி என்று தள்ள முடியாது, மாமா உட்பட.

ஆட்சேபணை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். பட்டிக்குக் கம்பிவலை விலை கும்பகோணத்தில் எவ்வளவு என்று சென்னையில் இருக்கிற யாராவது போனில் விசாரித்துச் சொன்னால் நல்லது. ஆட்டுக்காரர்கள் பெயர்ப்பட்டியல் தலையாரி வீட்டில் கேட்டால் கிடைக்கும்.

அன்புடன்,
மேலத்தெரு கோடிவீட்டுப் பிள்ளை,
எக்ஸிட்டர்