மதியத்தில் மட்டும் பிராசசர் 100 டிகிரியைத் தொடுகிறது: அறைச் சூடுதான் காரணமா?

தங்கச்சிமடம் (கேட்பவர்)

வணக்கம். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். இன்டெல் ஐ5-12400 பிராசசர், அதைக் குளிர்விக்க அதனுடன் பெட்டியில் வந்த கூலர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை.

விடியற்காலையில் ரெண்டர் (தொகுத்ததை முழு வீடியோக் கோப்பாக மாற்றும் வேலை) போட்டால் பிராசசர் 80 டிகிரியில் நிற்கிறது, 4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறையாமல் ஓடுகிறது. அதே வேலையை மதியம் 2 மணிக்குப் போட்டால் சூடு 100-ஐத் தொட்டுவிடுகிறது, வேகம் 3.7-க்கு இறங்குகிறது. இரண்டு வேளையும் மின்விசிறியை முழு வேகத்திலேயே வைத்துப் பார்த்தேன். சுவரில் மாட்டிய வெப்பமானி காலையில் 28, மதியத்தில் 38 காட்டுகிறது. அறை 10 டிகிரிதான் ஏறுகிறது, பிராசசர் ஏன் 20 டிகிரி ஏற வேண்டும்?

ஒரு கடையில் கேட்டபோது உடனே தண்ணீர் கூலர் போடச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை. வைகாசி முகூர்த்த வேலைகள் வரிசையில் நிற்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள் தம்பி. இங்கே நாங்கள் கோடை முழுவதும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

மண்டபம் (கணினி பழுதுபார்ப்பவர்)

சோதனைக்கு ஒரு மணி நேரம் அப்படிச் செய்யலாம். நிரந்தரமாக வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. காற்றால் குளிரும் எந்தக் கூலரும் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிரச் செய்ய முடியாது. காற்றின் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரியில் பிராசசரை நிறுத்துகிறது என்பதுதான் ஒரு கூலரின் திறமை. உங்கள் காலைக் கணக்கில் 80-இல் 28 போக 52. அதே கூலர், அதே விசிறி வேகம், அதே வேலை என்றால் இந்த 52 ஏறக்குறைய அப்படியே இருக்கும். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். சூடேறிய சிலிக்கான் அதே வேலைக்குச் சற்றுக் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பதால் அதற்கு மேல் ஓரிரு டிகிரி சேரலாம். அந்தக் கணக்குப்படி மதியம் 90, மிஞ்சினால் 92 வர வேண்டும். 100 வருகிறது என்றால், பிராசசருக்குப் போகும் காற்று 38 டிகிரி அல்ல.

இந்த பிராசசரின் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதைத் தாண்டாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் குறையாமல் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கும்.

மூன்று விவரங்கள் தேவை. வெப்பமானி எந்தச் சுவரில் இருக்கிறது? கேபினெட் எங்கே இருக்கிறது? காலைக்கும் மதியத்துக்கும் அறையில் வேறு என்ன மாறுகிறது? அத்துடன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் இரண்டு வேளையும் பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்

நன்றி அண்ணன். வெப்பமானி கதவுப் பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில் இருக்கிறது. கேபினெட் எதிர்ப்புறம், மேற்குச் சுவரை ஒட்டி, மேசைக்கு அடியில் உள்ள பலகை அடைப்புக்குள் இருக்கிறது. காலையில் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருவதால் அதை அடைத்துவிடுவேன். காலையில் 75 வாட், மதியம் 72 வாட்.

நீங்கள் கேட்ட பிறகு வெப்பமானியைக் கழற்றி, கேபினெட் காற்றை உள்ளே இழுக்கும் முன்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் அதே 28. மதியம் 50!

மண்டபம்

அதுதான் விடை. 50 உடன் 52 சேர்த்தால் 102. வரம்பு 100 என்பதால் வேகம் குறைகிறது. கூலரில் கோளாறு இல்லை.

மதிய வெயில் மேற்குச் சுவரைச் சுடுகிறது, கூரைத் தகடு மேலிருந்து அனலைப் பொழிகிறது. ஜன்னல் அடைத்ததும், கேபினெட் பின்னால் தள்ளும் சூட்டுக்குப் போக வழியில்லை. அது சுவரில் மோதி, மேசைக்கு அடியில் சுழன்று, முன்பக்கமாக மறுபடி உள்ளே போகிறது. அடைப்புக்குள் சிக்கிய தன் மூச்சையே கணினி திரும்பத் திரும்ப இழுக்கிறது. வானிலை அறிக்கையில் பாம்பனுக்கு 34, 35 என்று பார்த்துவிட்டு ‘மதுரை அளவுக்கு நம் ஊரில் வெயில் இல்லையே’ என்று பலர் கேட்கிறார்கள். கூலருக்குக் கணக்கு, அது இழுக்கும் காற்றின் சூடு மட்டும்தான்.

தண்ணீர் கூலர் போட்டாலும் இந்தக் குறை தீராது. அதில் உள்ள திரவம் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, அவ்வளவுதான். அந்த ரேடியேட்டரும் இதே 50 டிகிரிக் காற்றில்தான் ஆற வேண்டும்.

முதலில் காசில்லாத வேலையைச் செய்யுங்கள். கேபினெட்டை அடைப்பிலிருந்து வெளியே எடுத்து, வெயில் படாத உட்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். பின்னால் அரையடியாவது இடைவெளி விடுங்கள். மணல் வராத பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்தால் சூடு வெளியேற வழி கிடைக்கும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும், மேலே கீற்றுப் பரப்பிக் கட்டினாலும் அறை முழுவதும் சூடு குறையும். அது உங்கள் உடம்புக்கும் நல்லது.

கீழக்கரை

ஒரு குறுக்குக் கேள்வி. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை அறையில் வைத்தால் உதவுமா? மதுரையில் உறவினர் வீட்டில் நன்றாகக் குளிர்கிறது.

மண்டபம்

இங்கே பலன் குறைவு காக்கா. அந்தக் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிரைத் தருகிறது. வறண்ட காற்று ஆவியை வேகமாக வாங்கிக்கொள்ளும். நம் கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்தது. 33 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், எவ்வளவு நல்ல ஏர் கூலரானாலும் 29-க்குக் கீழே போக முடியாது. நடைமுறையில் அதுவும் கிடைக்காது. ஜன்னலை அடைத்துவிட்டால் அறை மேலும் புழுங்கும். கணினிக்கு ஈரம் கூடுவது நல்லதே அல்ல.

தேவிபட்டினம்

நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். மண்டபத்து அண்ணன் சொல்லாமல் விட்ட காரணத்தை நான் சேர்க்கிறேன். பக்கத் தகட்டைத் திறந்தே வைக்கக் கூடாது என்பது நம் உப்புக் காற்றினால்தான். கடல் உப்பு தூசியோடு சேர்ந்து போர்டின் மீது படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும், நம் ஊர் இரவுகளில் அது வாடிக்கை. அந்தக் கசிவு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வண்ணப்பூச்சும் தேவைப்பட்டன. நம் ரேம் பின்கள் எம்மாத்திரம்?

கேபினெட்டின் முன்னால் மெல்லிய வலைத் துணி கட்டி, வாரம் ஒரு முறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்குகளில் உப்பும் தூசியும் பசைபோல இறுகிவிடும், புளோயரால் ஊதினால் மட்டும் போகாது. கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடலாம்.

மண்டபம்

மிகச் சரி தங்கச்சி. எப்போது துடைக்க வேண்டும் என்பதையும் அந்த 52-ஐ வைத்தே கண்டுபிடிக்கலாம். மாதம் ஒரு நாள், காற்று இழுக்கும் இடத்தில் சூட்டை அளந்து, அதே ரெண்டரை ஓட்டி, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். வித்தியாசம் மாறாமல் சூடு மட்டும் ஏறினால் பருவம் மாறியிருக்கிறது. வித்தியாசமே 60-ஐ நோக்கி நகர்ந்தால் தூசியோ பேஸ்ட்டோ காரணம். பிராசசரின் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

தங்கச்சிமடம்

எல்லோருக்கும் நன்றி. கேபினெட்டை உட்சுவர்ப் பக்கம் மாற்றி, முக்காலி மேல் வைத்து, முன்னால் வலைத் துணியும் கட்டிவிட்டேன். மதியம் காற்று இழுக்கும் இடத்தில் 39. பிராசசர் 91-இல் நிற்கிறது, வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். இதை மேலும் குறைக்க வழி உண்டா? மற்றொன்று: அடுத்த வருடம் ஏசி போடும் எண்ணம் இருக்கிறது. இந்த ஈரத்தில் கணினிக்குள் தண்ணீர் கோத்துவிடுமா?

மண்டபம்

91 பாதுகாப்பானதுதான். குறைக்க வேண்டுமானால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) நீண்ட நேர மின்வரம்பு, குறுகிய நேர மின்வரம்பு இரண்டையும் 60 வாட்டாக வையுங்கள். 75 வாட்டுக்கு 52 என்றால் 60 வாட்டுக்கு ஏறக்குறைய 42. 39 உடன் சேர்த்தால் 81. ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடும், ஏனென்றால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. பிறகு வசதிப்பட்டால் 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் வாங்கலாம். அது அந்த 52-ஐயே குறைக்கும்.

ஏசி ஓடும்போது பயமில்லை. கணினியின் உட்புறம் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும், சூடான பொருளில் ஈரம் படியாது. ஆபத்து, வேலையை முடித்துக் கணினியையும் ஏசியையும் அணைத்த பிறகுதான். நம் ஊரில் 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் 26-க்குக் கீழே ஆறிய எந்த உலோகத்திலும் காற்றிலுள்ள ஈரம் துளியாகும். 24-இல் குளிர்ந்து கிடக்கும் அறையின் ஜன்னலைச் சட்டென்று திறந்தால் அதுதான் நடக்கும். அணைத்தபின் ஜன்னலை அடைத்தே விட்டு, அறை தானாகச் சூடேறிய பிறகு திறவுங்கள். ஏசியை 27-இல் வைத்தால் அந்தக் கவலையும் இல்லை, பிராசசருக்கு அந்தக் குளிர் தாராளம்.