நான்காம் சீசனைத் தள்ளிவைக்க நீங்கள் யார்?

ஏழாவது நாற்காலி:
கிரீன்டேல் கல்லூரியில் ஒன்றாகப் படிக்கும் ஒரு குழுவைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடரான 'கம்யூனிட்டி'யைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர் ஒருவர் நேற்று இங்கே யோசனை கேட்டிருந்தார். அவருக்குப் பச்சைமேசை எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "மூன்றாம் சீசன் முடிந்ததும் நேராக ஐந்தாவதற்குப் போய்விடுங்கள். நான்காவது கணக்கிலேயே சேராது. அது கேஸ் கசிந்த ஆண்டு."

படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பதின்மூன்று எபிசோடுகளை ஒரே வரியில் துடைத்தெறிய இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? இரண்டாம் சீசனில் 'தி கேப்' என்ற தொடருக்காக ஏபெட் உரக்கக் கத்துவானே, "ஆறு சீசன், ஒரு படம்" என்று. அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதானே ஒவ்வோர் ஆண்டும் தொடர் நின்றுவிடுமோ என்ற பயத்தைக் கடந்து வந்தோம்? நான்காவதைக் கழித்தால் மிச்சம் ஐந்து. ஐந்து சீசனுக்காகவா அத்தனை பேர் குரல் கொடுத்தோம்? எனக்கு நேரான பதில் வேண்டும்.

பச்சைமேசை:
நேரான பதில் இதோ. 2012 மே மாதம் டான் ஹார்மனைத் தொடரிலிருந்து நீக்கினார்கள். தொடரை உருவாக்கியவரே அவர்தான். அவர் இடத்துக்கு டேவிட் குவராசியோவும் மோசஸ் போர்ட்டும் வந்தார்கள். அக்டோபர் 19 அன்று வரவேண்டிய சீசன் தள்ளிப்போய் 2013 பிப்ரவரி 7-ஆம் தேதி வந்தது. வந்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு பாத்திரமும் தன்னைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு திரிந்தது. சாங் நினைவிழந்தவனைப் போல நடித்துக்கொண்டு 'கெவின்' என்ற பெயரில் உலவினான். அதில் சிரிக்க என்ன இருந்தது?

கேஸ் கசிவு என்பது நான் கண்டுபிடித்த சொல்லும் இல்லை. ஹார்மன் திரும்பி வந்த ஐந்தாம் சீசனில் அவர்கள் வாயாலேயே அந்த ஆண்டை அப்படிச் சொல்கிறார்கள். பெற்றவரே ஒதுக்கியதை நான் ஒதுக்கினால் உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

ஏழாவது நாற்காலி:
அந்த வரியையே நீங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை. கேஸ் கசிந்தது என்றால் கசிந்த கட்டடம் ஒன்று இருந்தது, அதற்குள் ஆட்கள் இருந்தார்கள், அந்த ஆண்டு நடந்தது என்றுதான் பொருள். நடக்காத ஆண்டில் எந்தக் குழாய் கசியும்?

ஐந்தாம் சீசன் தொடங்கும்போது ஜெஃப் பட்டம் வாங்கி, வக்கீல் தொழிலில் தோற்று, கிரீன்டேலுக்குத் திரும்பி வருகிறான். பட்டம் எப்போது வாங்கினான்? நான்காம் சீசனின் கடைசி எபிசோடில். டிராயும் பிரிட்டாவும் பிரிந்தது எப்போது? நான்கில். நீங்கள் சொன்னபடி அந்தப் புதியவர் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவினால், இதெல்லாம் எங்கே நடந்தது என்று திகைத்து நிற்பார். அப்போது போய் அவருக்கு விளக்கம் சொல்வீர்களா?

கரையோரக் காகம்:
இரண்டு பேரும் தவறான மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கில் சேராதது ஆறாவது சீசன். என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது 97 எபிசோடுகள். 2014 மே மாதம் தொடரை நிறுத்திவிட்டார்கள், கதை அங்கே முடிந்துவிட்டது. அதன்பின் யாஹூ ஸ்கிரீன் என்ற இணையத் தளத்தில் 2015-இல் வந்த 13 எபிசோடுகள் தொலைக்காட்சியில் வரவே இல்லை. படிப்பறை மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். ஆறாவதில் மிஞ்சியவர்கள் ஜெஃப், பிரிட்டா, ஏபெட், ஆனி என நான்கு பேர். ஏழாவது நாற்காலி என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு மூன்று நாற்காலிகள் காலியானது கண்ணில் படவில்லையா?

எண் 97. இதை மாற்றிச் சொல்பவர்கள் ஆதாரம் காட்டட்டும்.

ஏழாவது நாற்காலி:
25, 24, 22, பிறகு மூன்று முறை 13. கூட்டிப் பாருங்கள். 110 வரும். இதுதான் ஆதாரம்.

காகம் அவர்களே, போன மாதம் இதே இடத்தில், டிராய் ஐந்தாம் சீசனின் இறுதியில்தான் போனான் என்று இரண்டு நாள் சாதித்தவர் நீங்கள். ஐந்தாவது எபிசோடிலேயே, தரையெல்லாம் எரிமலைக் குழம்பு என்று எல்லோரும் நாற்காலி மேல் ஏறி விளையாடும் அந்த எபிசோடில், அவன் நடிகர் லெவார் பர்ட்டனுடன் படகேறிப் போய்விட்டான் என்று நான் எடுத்துக் காட்டியபோது பதிலே எழுதாமல் நழுவினீர்கள். அந்தக் கணக்கை முதலில் தீர்த்துவிட்டு இந்தக் கணக்குக்கு வாருங்கள்.

கரையோரக் காகம்:
அது தட்டச்சுப் பிழை. ஒரு மனிதனின் தட்டச்சுப் பிழையை ஒரு மாதம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். 97.

மின்மினி:
ஆறாம் சீசனைத் தொடாதீர்கள். ஃபிரான்கியாக வந்த பேஜெட் புரூஸ்டரும் எல்ராயாக வந்த கீத் டேவிடும் போன இடங்களை அடைக்க வந்தவர்களாக நடிக்கவில்லை. புதியவர்களாகவே வந்து, புதியவர்களாகவே அந்த மேசையில் இடம்பிடித்தார்கள். கடைசி எபிசோடில் ஆனியும் ஏபெட்டும் கிளம்பிப் போக, ஜெஃப் கல்லூரியிலேயே தங்கிவிடுகிறான். யாருடைய துணையும் வேண்டாம் என்று முதல் நாள் மார்தட்டியவன் கடைசியில் அவர்கள் இருவரையும் வழியனுப்பி வைக்கிறான். அதைப் பார்த்துத் தொண்டை அடைக்காதவர் இந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை என்பேன். அந்த எபிசோடை "தொலைக்காட்சியில் வரவில்லை" என்று தள்ளுவதா?

கரையோரக் காகம்:
உங்கள் தொண்டை அடைப்பதால் எண்ணிக்கை கூடாது. யாஹூ அந்த 2015-இல் தன் சொந்தத் தயாரிப்புகளுக்காக 4 கோடியே 20 லட்சம் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. மறு ஆண்டு ஜனவரியிலேயே யாஹூ ஸ்கிரீனை மூடிவிட்டார்கள். ஷெர்லியும் முன்பே கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிட்டார். ஓடியவர்கள் புத்திசாலிகள்.

மின்மினி:
வார்த்தையை அளந்து பேசுங்கள். ஷெர்லியாக நடித்த இவெட் நிக்கோல் பிரவுன் ஓடவில்லை. உடல்நலம் குன்றிய தன் தந்தையைக் கவனித்துக்கொள்ளத்தான் விலகினார். அது அவரே வெளிப்படையாகச் சொன்ன காரணம். பெற்றவரைப் பார்த்துக்கொள்ளப் போனவரை "கையைக் கழுவினார்" என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? அப்படிப் போனவர் ஆறாம் சீசனின் முதல் எபிசோடில், முடிவில் வரும் துணுக்குக்காக வந்தும் போனார். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கரையோரக் காகம்:
தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள். நான் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மின்மினி:
நான் தம்பி இல்லை. உங்களைவிட மூத்தவளாகக்கூட இருக்கலாம். கேட்காமலே உறவு கொண்டாடி ஆளை மட்டம் தட்டும் இந்தப் பழக்கத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். வரியை இன்னும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பச்சைமேசை:
பேச்சு எங்கோ போகிறது. நான்காம் சீசனுக்கு வருகிறேன். 2011-இல் கிறிஸ் மெக்கென்னா எழுதிய பகடை எபிசோடை நினைத்துப் பாருங்கள். பீட்சாவை வாங்கிவரக் கீழே யார் போவது என்று ஜெஃப் பகடையை உருட்டுகிறான். அதிலிருந்து ஏழு வேறு வேறு மாலைப்பொழுதுகள் பிரிகின்றன. எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எழுத்து அது. யார் இல்லாமல் போனால் அந்த அறை என்ன ஆகும் என்பதை அதுபோலச் சொன்ன அரைமணி நேரம் வேறு இல்லை. அதே யோசனையை எடுத்து நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் என்ன செய்தார்கள்? அந்த ஏழில் ஒன்றான இருண்ட காலக்கோட்டிலிருந்து கெட்டவர்களை வரவழைத்து, பெயின்ட் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, கடைசியில் எல்லாம் ஜெஃப்பின் கற்பனை என்று முடித்தார்கள். உங்கள் ஜெஃப் பட்டம் வாங்கியது இந்த லட்சணத்தில்தான். கேஸ் கசிவு என்ற பெயர் வீணாக வரவில்லை.

ஏழாவது நாற்காலி:
சண்டை கற்பனை. பட்டம் கற்பனை இல்லை. வாங்கினான் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியானால் அந்த ஆண்டு நடந்தது.

நான்காம் சீசன் முழுவதும் பொன் என்று நான் எங்கும் எழுதவில்லை. கடைசி எபிசோட் எனக்கும் பிடிக்காது. ஆனால் நீங்கள் தாவச் சொன்ன பள்ளத்தில் என்னவெல்லாம் கிடக்கிறது தெரியுமா? ஜெஃப் தன்னைக் கைவிட்டுப் போன தந்தையைத் தேடிப்போகும் எபிசோட். பேசிப் பேசியே எல்லோரையும் மடக்குகிறவன், அந்த மனிதர் முன்னால் நின்று ஒரு பழைய பொய்யைச் சொல்கிறான். பள்ளியில் படிக்கும்போது தனக்குக் குடல்வால் அறுவை நடந்ததாகச் சொல்லியிருந்தான். தழும்பைக் காட்டு என்றார்கள். பொய் வெளிப்படக்கூடாது என்று கத்திரிக்கோலை எடுத்துத் தன் வயிற்றில் தானே கீறிக்கொண்டான். வகுப்பில் உள்ளவர்கள் நலம் விசாரித்து அனுப்பிய அட்டைகளை இன்றும் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறான். யாரோ ஒருகாலத்தில் தன்மேல் அக்கறை காட்டினார்கள் என்பதற்கு அவனிடம் உள்ள ஒரே சாட்சி அது. முதல் சீசனிலிருந்து அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே எல்லோரையும் ஏளனம் செய்ததற்கான காரணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எந்தக் கேஸ் கொண்டு மூடுவீர்கள்?

டிராயும் ஏபெட்டும் உடல் மாறிவிட்டதாக நடிக்கும் எபிசோடும் அதே சீசன்தான். எழுதியவர் ஜிம் ரேஷ், தொடரில் கல்லூரித் தலைவர் டீன் பெல்டனாக நடித்தவர். 2012-இல் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கியவர். பிரிட்டாவிடம் பிரிவைச் சொல்ல டிராய்க்குத் துணிவு இல்லை. நண்பனின் உடலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். டிராயாக வரும் டோனல்ட் குளோவர் ஏபெட்டாகவும், ஏபெட்டாக வரும் டானி புடி டிராயாகவும் பேசும்போது வேடிக்கை என்றுதான் சிரிப்போம், பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுவிடும்.

பச்சைமேசை:
இரண்டு எபிசோடுகளைச் சொன்னீர்கள். மீதி பதினொன்று?

ஏழாவது நாற்காலி:
ஹாலோவீன் எபிசோடை எழுதியவர் மேகன் கான்ஸ். இரண்டாம் சீசனில் ஆனியின் பேனா காணாமல் போய், எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் சந்தேகப்படும் எபிசோடை எழுதியவரும் அவரே. ஹார்மன் போனதும் எல்லாக் கைகளும் மாறிவிட்டன என்று நீங்கள் பரப்புவது பொய்.

பச்சைமேசை:
அந்த ஹாலோவீன் எபிசோட் ஒளிபரப்பானது பிப்ரவரி 14. காதலர் தினத்தில் பேய்க்கதை காட்டிய சீசனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். கேஸ் கசிவு இல்லாமல் இது நடக்குமா?

ஏழாவது நாற்காலி:
தேதியைத் தள்ளிவைத்தது தொலைக்காட்சி நிறுவனம். எழுதியவர்கள் என்ன செய்வார்கள்? முதல் பதிவில் நீங்களே எழுதிய தேதிகளை மறந்துவிட்டீர்களா?

கரையோரக் காகம்:
ஹார்மனே அந்த சீசனைப் பார்த்துவிட்டுத் தன் பாட்காஸ்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஏழாவது நாற்காலி அவரைவிடப் பெரியவரா?

ஏழாவது நாற்காலி:
திட்டியதைச் சொன்ன நீங்கள், பிறகு அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டதை ஏன் விழுங்கினீர்கள்? பாதியைச் சொல்லி வாதம் செய்வது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. டிராய் விஷயத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

கரையோரக் காகம்:
மறுபடியும் டிராய்! தட்டச்சுப் பிழை என்று சொன்னேன்.

மின்மினி:
ஐந்து வரிகளில் மூன்று முறை வந்த தட்டச்சுப் பிழை. அந்தத் திரியில் நானும் இருந்தேன்.

பச்சைமேசை:
ஏழாவது நாற்காலிக்கு ஒரு கேள்வி. 2020-இல் இரண்டாம் சீசனின் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எபிசோடை, சாங் போட்டிருந்த கருமுக ஒப்பனைக்காக நெட்ஃபிளிக்ஸும் ஹுலுவும் நீக்கின. அப்போது "எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்" என்று எழுதியவர் நீங்கள்தானே? என்னைப் பொறுத்தவரை இரண்டாம் சீசனின் உச்சமே அந்த எபிசோட்தான். உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்குப் போன நீல் என்ற மாணவனுக்காக எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அதை விட்டுக்கொடுத்தவர் நான்காம் சீசனுக்காக உயிரை விடுவது எனக்குப் புரியவில்லை.

ஏழாவது நாற்காலி:
அந்த ஒப்பனை தவறு, நீக்கியது நியாயம் என்று எழுதினேன். எண்ணிக்கை 109 என்று எழுதினேனா? நீக்கிய பிறகும் 110 என்றுதான் சொன்னேன், இன்றும் 110 என்றுதான் சொல்கிறேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லத்தான் வாய் வராது.

மின்மினி:
நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது சரியா என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. ஆனால் முதலில் காகம் ஷெர்லியைப் பற்றிய வரியை எடுக்கட்டும்.

கரையோரக் காகம்:
எடுக்க மாட்டேன். 97.

புதுவரவு:
யோசனை கேட்டவன் நான்தான். முதல் சீசனில் இப்போது ஒன்பதாவது எபிசோடில் இருக்கிறேன். டிராய் போய்விடுவான், ஷெர்லி இருக்க மாட்டார், ஜெஃப் பட்டம் வாங்கி வக்கீல் தொழிலில் தோற்றுத் திரும்புவான் என்பதையெல்லாம் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நான்காவதைப் பார்ப்பதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

ஏழாவது நாற்காலி:
பாருங்கள். வரிசையாகப் பாருங்கள். ஒன்றும் விடாதீர்கள்.

பச்சைமேசை:
விட்டுவிடுங்கள். நேராக ஐந்து.

கரையோரக் காகம்:
ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்மினி:
ஆறாவதன் கடைசி எபிசோடைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள். காகம், வரி இன்னும் இருக்கிறது.

ஏழாவது நாற்காலி:
பச்சைமேசை, ஜெஃப் எந்த சீசனில் பட்டம் வாங்கினான் என்று முதலில் கேட்டேன். 2022 செப்டம்பரில் பீகாக் இணையத் தளம் அந்தப் படத்தை அறிவித்தபோது "ஆறு சீசன் ஆகிவிட்டது, இனி படம்தான்" என்று இங்கே முதலில் கொண்டாடிப் பதிவு போட்டவரே நீங்கள்தான். அன்று ஆறு. இன்று ஐந்தா? எந்த சீசன், சொல்லுங்கள்.

பச்சைமேசை:
அன்று கொண்டாட்டத்தில் எழுதியதை இன்று ஆதாரமாகக் கொண்டுவருகிறீர்கள். அது கேஸ் கசிந்த ஆண்டு. ஆயிரம் முறை கேட்டாலும் இதுதான் பதில்.

ஏழாவது நாற்காலி:
ஆண்டு என்று மறுபடியும் நீங்களே சொல்கிறீர்கள்.