மறு: ‘ஸ்பைனல் ஸ்டெபிலிட்டி’க்குத் தமிழில் என்ன?

> ‘தண்டுவட உறுதி’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். தண்டுவடம் என்பது உள்ளே ஓடும் நரம்புத் தொகுதி, பாடநூலிலும் அப்படித்தான். நாம் பேசுவது எலும்புத் தொடரை. ஆகவே முன்பாதி ‘முதுகெலும்பு’. இலங்கை நண்பர்கள் ‘முள்ளந்தண்டு’ என்பார்கள், அதுவும் சரிதான்.

சிக்கல் ‘உறுதி’யில் இருக்கிறது. 1992இல் பஞ்சாபி என்ற ஆய்வாளர் முதுகின் ஸ்டெபிலிட்டியை மூன்றாகப் பிரித்தார்: எலும்பு, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்), தசைநார் ஒரு பக்கம்; தசைகள் இன்னொரு பக்கம்; அவற்றைச் சரியான நேரத்தில் முடுக்கிவிடும் நரம்புக் கட்டுப்பாடு மூன்றாவது. குனிந்து குடத்தைத் தூக்கும்போதும் எலும்புகள் எல்லை மீறி நகராமல் பார்த்துக்கொள்வது இம்மூன்றின் கூட்டுவேலை. ‘உறுதி’ என்று எழுதினால், இறுகக் கட்டிவைத்தால் போதும் என்று நோயாளி நினைப்பார். அப்புறம் இடுப்பு பெல்ட்டைக் கழற்றவே மாட்டார். குறிப்பிட்ட காரணம் தெரியாத நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

சிகிச்சைகளை ஒப்பிடத்தானே இந்தச் சொல் தேவைப்படுகிறது? ஸ்க்ரூவும் ராடும் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் அறுவை, அந்த இடத்து அசைவையே நிறுத்துகிறது. பயிற்சியோ அசைவை விட்டுவைத்து, அதை ஆளத் தசைகளைப் பழக்குகிறது. நாள்பட்ட வலிக்காரர்கள் 349 பேரை வைத்து பிரிட்டனில் இவை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, தீவிரப் பயிற்சித் திட்டத்தைவிட ஃப்யூஷன் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. (எலும்பு முறிவு, கட்டி என்றால் கதை வேறு.) இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாக எனக்குப் படுவது ‘முதுகெலும்பு நிலைகாப்பு’. ஃப்யூஷன் ‘முள்ளெலும்புப் பிணைப்பு’ ஆகட்டும். பயிற்சியை ‘நிலைகாப்புப் பயிற்சி’ எனலாம்.

> ‘நிலைத்தன்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. சேர்மத்துக்கும் கட்டடத்துக்கும் அது போதும், ஒரு பொருளின் இயல்பைச் சொல்கிறது. இங்கே உடம்பு நொடிக்கு நொடி செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். ‘காப்பு’ அதைத் தருகிறது. கையில் போடும் காப்பு நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். வரட்டும், ‘பாதுகாப்பு’ என்று படிக்கும்போது யாருக்கும் வருவதில்லை.

உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கும் ‘கோர்’ தசைகள்தான் இன்னும் பாக்கி. ‘மையத் தசைகள்’ எனக்கு ஒட்டவில்லை. முன்னால் வயிறு, பின்னால் முதுகு, மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளம் என நான்கு பக்கமும் அடங்க வேண்டும். ‘நடுவுடல் தசைகள்’ எப்படி?