‘அட்ரிபியூட்’: ஆடவல்லான் விவரச்சீட்டுக்கு ஒரு சொல்

தே.:
குழுவினருக்கு வணக்கம். சோழர் செப்புத் திருமேனிகளின் விவரச்சீட்டுகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ‘அட்ரிபியூட்’ (இன்ன தெய்வம் என்று காட்டும் பொருள்கள்) என்ற கட்டத்தில் ஆடவல்லானுக்கு, அதாவது நடராசருக்கு, நிரப்ப வேண்டியவை: பின் வலக்கையில் துடி (உடுக்கை), பின் இடக்கையில் தீ, சடையில் பிறையும் கங்கையும், வலக்காதில் மகரக்குழை, இடக்காதில் தோடு, காலடியில் முயலகன் (மிதிபடும் குள்ள அசுரன்). (வலமும் இடமும் திருமேனியுடையவை, பார்ப்பவருடையவை அல்ல. இதைக் குழப்பினால் தீயும் துடியும் கை மாறிவிடும்.) அந்தக் கட்டத்துக்குத் தமிழ்ப் பெயராக இப்போதைக்குக் ‘கைப்பொருள்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வ.ந.:
வேண்டாம். ‘வெஃகாமை வேண்டும் பிறன்கைப் பொருள்’ என்று வள்ளுவர் சொன்னது காசுபணத்தை. இராமர் திருமேனிக்குக் கீழே ‘கைப்பொருள் இழந்த நிலை’ என்று எழுதினால் வில்லைச் சொல்கிறீர்கள் என்று யாருக்குத் தோன்றும்? வில்லும் அம்பும் பெரும்பாலும் தனியே வார்த்துக் கையில் பொருத்துபவை. அதனால் அவைதாம் முதலில் தொலைகின்றன. ‘ஏந்துபொருள்’ போடுங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது. தட்டச்சில் ‘ஏந்துப்பொருள்’ ஆகிவிடாமல் பாருங்கள்.

அரங்.:
திருமேனி வார்க்கும் பட்டறையில் எல்லாமே ஆயுதம்தான். மழு (கோடரி) மட்டுமல்ல, மானும் ஆயுதம், தாமரையும் ஆயுதம். புழங்குகிற சொல் இருக்கப் புதிது எதற்கு? அதைவிட முக்கியம், வெறுங்கையைக் கண்டதும் ‘இழந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். சிவகாமியின் வலக்கை கடக முத்திரையில் விரல் வளைந்து வெறுமையாக இருக்கும். பூசையில் புதுப்பூ செருகத்தான் அந்த இடைவெளி. அங்கே எதுவும் தொலையவில்லை. திருவெண்காட்டு இடபவாகனர் (காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன், 1011) கதை வேறு. சாய்ந்த கை அப்படியே நிற்கிறது, தாங்கிய காளை இல்லை. அது மெய்யான இழப்பு.

சா.:
ஆயுதம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். துடியைக் காட்டி ஆயுதம் என்றால் பள்ளிப்பிள்ளை ஏற்குமா?

‘ஏந்து’வுக்கும் என் மறுப்பு உண்டு. ஒன்று, முருகாற்றுப்படையில் ‘விண்செலல் மரபின் ஐயர்க்கு ஏந்தியது ஒருகை’. அந்தக் கையில் பொருளே இல்லை. காக்க உயர்த்திய கை. இரண்டு, ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ சித்தாந்த நூலை எடுத்துப் பாருங்கள். தோற்றம் துடியில், திதி (காத்தல்) அமைத்த கையில், சங்காரம் (அழித்தல்) அங்கியில் (தீயில்), திரோதம் (மறைத்தல்) ஊன்றிய பாதத்தில், முத்தி தூக்கிய பாதத்தில். ஐந்தொழிலில் இரண்டுக்குத்தான் ஏந்திய பொருள் உண்டு. மீதி மூன்றை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?

நன்னூல் படித்தவர்கள்தானே எல்லோரும்? பெயருக்கு முன் நின்று அதைச் சிறப்பிக்கும் சொல்லை அது ‘அடை’ என்கிறது; அதையே வையுங்கள். முக்கண் சிவ வடிவங்களுக்கெல்லாம் பொது; துடியும் தீயும் முயலகனும் சேர்ந்தால்தான் கூத்தன் பிரிந்து தெரிகிறான். இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று பிரித்தவர்களுக்கு இது புரியாதா?

அரங்.:
‘அடை உடைந்துள்ளது’ என்று சீட்டில் போட்டால் அவியல் எங்கே என்று கேட்பார்கள்.

வ.ந.:
:-) சா. ஐயா சொன்ன முருகாற்றுப்படை அடி சரி. ஆனால் ஏந்துதலுக்கு உயர்த்தல், தாங்கல் இரண்டும் பொருள். ‘பொருள்’ என்று பின்னால் ஒட்டும்போது முதலாவது தானே விலகிவிடும். அண்மையில் ‘குறிப்பொருள்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அதைக் ‘குறிப்பு ஒருள்’ என்று பிரித்துப் படிப்பார்கள், விட்டுவிடுவோம். இன்னொன்று: ஆடவல்லான் என்ற பெயரிலேயே ஒரு மரக்காலும் (முகத்தல் அளவை) எடைக்கல்லும் தஞ்சைக் கல்வெட்டுகளில் உண்டு. எனவே தலைப்பில் ‘ஆடவல்லான் (நடராசர்)’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள்.

தே.:
நேரம் இல்லை. கையில் உள்ளவை ‘ஏந்துபொருள்’. பிறை, கங்கை, குழை, தோடு ‘அடையாளம்’. கைகளின் முத்திரையும் பாதங்களும் ‘நிலை’ என்ற தனிக் கட்டம். முயலகனுக்குத் தனி வரி. பட்டறைச் சொல்லாக ‘ஆயுதம்’ முதல் சீட்டில் மட்டும் ஒருமுறை வரும். நால்வர் ஒப்புக்கொண்டார்கள், இருவர் பதிலே போடவில்லை.

சா.:
ஒப்பவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். ‘தோடுடைய செவியன்’ என்பதில் தோடு அடையாகத்தான் நிற்கிறது. உங்கள் பங்கீட்டின்படியே கேட்கிறேன்: சுடர் விளிம்போடு சுற்றி நிற்கும் திருவாசியைக் கையும் ஏந்தவில்லை, மேனியும் அணியவில்லை. அதற்கு எந்தக் கட்டம்?