1/6 டைகர் மாத்: மூக்கில் அரை கிலோ ஈயம் கேட்கிறது, எங்கே தப்பு?

இரட்டைச்சிறகு:
வணக்கம். 1/6 அளவு டைகர் மாத் (பழைய இரட்டைச்சிறகு விமானம்), ரேடியோ கன்ட்ரோல் மாடல், லேசர் கட் பால்சா கிட். கவரிங் முடிந்து எல்லாம் ஏற்றியாச்சு. மொத்த எடை 2100 கிராம். சிறகு நீளம் 1490 மி.மீ., கார்டு (சிறகின் முன்பின் அகலம்) 220. மேல் சிறகைவிடக் கீழ்ச் சிறகு 60 மி.மீ. பின்னால் இருக்கிறது. இரண்டுமே பின்சாய்வு உள்ளவை, நுனியில் லீடிங் எட்ஜ் (முன்விளிம்பு) 120 மி.மீ. பின்னால் போகிறது. மோட்டார் 3548, 900 கேவி. ப்ராப் (காற்றாடி) 13க்கு 6.5 அங்குலம். பேட்டரி 3 செல் 3300, எடை 270 கிராம்.

பிளானில் சிஜி (எடை மையம்) குறியே இல்லை. கார்டில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்து, மேல் சிறகு நடுவில் லீடிங் எட்ஜிலிருந்து 73 மி.மீ.யில் கோடு போட்டேன். இப்போது பேலன்ஸ் 150 மி.மீ.யில் நிற்கிறது. 73க்குக் கொண்டுவர மூக்கில் 500 கிராம் ஈயம் கேட்கிறது. வால் அவ்வளவு கனமாகவா கட்டியிருக்கிறேன்?

கார்டுகணக்கு:
வால் பாவம் சார், அதை விடுங்க. கோடுதான் தப்பு.

மூன்றில் ஒரு பங்கு என்பது பின்சாய்வே இல்லாத ஒற்றைச் சிறகுக்குச் சொல்லும் கணக்கு, அதற்கே அது கொஞ்சம் பின்னால். டைகர் மாத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து சிஜியைப் பின்னால் தள்ளுகிறது: பின்சாய்வு, ஸ்டேகர் (மேல், கீழ்ச் சிறகுகள் முன்பின்னாக இருப்பது).

கார்டு நீளம் முழுக்க ஒரே அளவு. அதனால் சராசரி கார்டு பாதிச் சிறகின் நடுவில் வரும். நுனியில் 120 என்றால் அங்கே 60. மேல் சிறகின் சராசரி லீடிங் எட்ஜ் 60, கீழ்ச் சிறகுக்கு 60 + 60 = 120. இரண்டுக்கும் சராசரி 90. அதிலிருந்து 220இல் 25 சதவீதம், அதாவது 55. ஆக 145 மி.மீ., அளப்பது மேல் சிறகு நடுவிலிருந்து.

துல்லியம் பார்க்கிறவர்களுக்கு: சென்டர் செக்‌ஷன் சாய்வில்லாமல் நேராக இருப்பதால் பின்சாய்வுக்கு எடுத்த அந்த 60 உண்மையில் 56தான். அப்படிப் பார்த்தால் 145 என்பது 27 சதவீதம். முதல் பறப்புக்கு அதுவும் தாராளம். 152ஐத் தாண்டிப் பின்னால் மட்டும் போகவேண்டாம், அங்கே 30 சதவீதம் ஆகிவிடும். இப்போதுள்ள 150 அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, அதையும் அப்படியே விடக்கூடாது.

73க்குக் கொண்டுபோயிருந்தால் எடை 2600. உங்கள் சிறகுப் பரப்பு சுமார் 62 சதுர டெசிமீட்டர். சதுர டெசிமீட்டருக்கு 34 கிராமாக இருக்கும் பாரம் 42 ஆகும். அதைவிட மோசம், இறக்கும்போது முழு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) இழுத்தாலும் மூக்கு தூக்காது. தரையில் குட்டிக்கரணம்தான்.

வால்கம்பி:
மேலே சொன்ன கணக்கு சரி. ஈயமே வேண்டாம். 150லிருந்து 145க்கு வர 2100 × 5 = 10500. இதை 270 கிராம் பேட்டரியால் வகுத்தா 39. பேட்டரியை 40 மி.மீ. முன்னால தள்ளுங்க, முடிஞ்சது. டைகர் மாத்துக்கு ஒரு வசதி உண்டு. நிஜ விமானத்துல ஜிப்சி எஞ்சின் தலைகீழா உட்கார்ந்திருக்கும், அதனால கவ்லிங் (எஞ்சின் மூடி) கீழ்ப்பக்கம் ஆழமா இருக்கும். மோட்டாருக்குக் கீழேயே 3 மி.மீ. ப்ளைல ஒரு தட்டு அடிச்சு வெல்க்ரோ, ஸ்ட்ராப் இரண்டும் போட்டுக் கட்டிடலாம். வெல்க்ரோ மட்டும் போதாது.

பேட்டரி அங்கே போனா காத்தோட்டம் அடைபடும். இ.எஸ்.சி.யை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) நேரா காத்து வர்ற வாய்க்குப் பின்னால வைங்க. காத்து வெளியே போற ஓட்டை, உள்ளே வர்ற ஓட்டையைவிட இரண்டு மடங்கு பெரிசா இருக்கணும். வெளிவாசல் சின்னதா இருந்தா உள்வாசலை எவ்வளவு பெரிசாக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

பைபிளேனை விரல்ல தூக்கி சிஜி பார்க்காதீங்க, அஞ்சு பத்து மி.மீ. தப்பும். சமையல் தராசு வைங்க. வாலைத் தூக்கி ஃபியூசிலாஜ் (விமான உடல்) மட்டமா நிக்கணும், முன்சக்கரம் இரண்டும் தரையில, வால் மட்டும் தராசு மேல. தூக்குநூல் விட்டு அச்சிலிருந்து வால்சக்கரம் வரைக்கும் அளங்க. வால் எடை × அந்த நீளம் ÷ மொத்த எடை: அச்சுக்கு எவ்வளவு பின்னால சிஜினு வந்துடும்.

இனி வால் பக்கம் எதையும் சேர்க்காதீங்க. உங்க அளவுக்கு வால்ல ஏறுற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்குல கிட்டத்தட்ட 2 கிராம் வைக்கணும். கடைசி நேரத்துல அழகுக்காக அடிக்கிற பெயிண்ட்தான் இதுல முதல் குற்றவாளி.

இரட்டைச்சிறகு:
அச்சு மேல் சிறகு லீடிங் எட்ஜுக்கு 75 மி.மீ. பின்னால், அச்சு முதல் வால்சக்கரம் 800. தராசில் வால் 197 கிராம். பேட்டரியை 40 தள்ளியதும் 184. அதாவது 75 + 70 = 145! ரொம்ப நன்றி.

இன்னும் இரண்டு: ரிக்கிங் கம்பி (இரண்டு சிறகுக்கும் நடுவே குறுக்கே போவது) சும்மா தோற்றத்துக்கா, நிஜமாகவே இழுக்க வேண்டுமா? ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகுத் தட்டு) எவ்வளவு அசைய வேண்டும்?

முறுக்குக்கம்பி:
முதலில் இன்சிடென்ஸ் (விமான உடலுக்குச் சிறகு வைத்திருக்கும் கோணம்), பிறகுதான் கம்பி. இன்சிடென்ஸ் மீட்டரை வேர், நடு, நுனி மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். மேல் சிறகு கீழ்ச் சிறகுக்குச் சமமாகவோ 1 டிகிரி அதிகமாகவோ இருக்கலாம். குறைவாக இருக்கவே கூடாது. முன்னால் இருக்கும் மேல் சிறகு முதலில் ஸ்டால் ஆனால் (தூக்குவிசை இழந்தால்) மூக்கு தானாகக் குனியும், கீழ்ச் சிறகு இன்னும் பறந்துகொண்டிருக்கும். இந்த விமானத்தில் ஏலரான் கீழ்ச் சிறகில் மட்டும்தான் என்பதால் இது இரட்டை லாபம்.

நுனி முறுக்கியிருந்தால் கம்பியை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு கவரிங் ஃபிலிமைச் சூடு காட்டி, ஆறும்வரை விடாமல் இருங்கள்.

கம்பி விஷயம் கிட்டைப் பொறுத்தது. சிறகு இணைப்புக் குழாய் தனியாகவே பாரம் தாங்கும் என்றால் எலாஸ்டிக் நூல் போதும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. குழாய் மெலிசாக இருந்தால் நிஜக் கம்பிதான்: நைலான் உறை போட்ட 0.6 மி.மீ. மீன்பிடி ஸ்டீல் கம்பி, செம்புக் குழாயில் இரண்டு முறை நுழைத்து நசுக்கியது, ஒரு முனையில் எம்2 க்ளெவிஸ் (கொக்கி போன்ற இணைப்பு). முதலில் லேண்டிங் வயர், அதாவது மேல் சிறகு நடுவிலிருந்து கீழ்ச் சிறகு நுனிப்பக்கம் போவது. அடுத்து அதற்கு எதிர்க் குறுக்கே போகும் ஃப்ளையிங் வயர். தொய்வு எடுபடும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வீணைத் தந்தி போல ஒலித்தால் சிறகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இறுக்கி முடித்ததும் மீட்டரை மறுபடி வையுங்கள்.

ஒரு பக்கத்து மேல், கீழ்ச் சிறகுகளை ஸ்ட்ரட் (இடையே நிற்கும் தூண்), கம்பியோடு ஒரே பெட்டியாகக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டால் மைதானத்தில் 10 நிமிட வேலை. இல்லையென்றால் ஒவ்வொரு ஞாயிறும் க்ளெவிஸ் தேடிப் புல்லில் தவழ வேண்டியதுதான்.

ஏலரான்: மேலே 20 மி.மீ., கீழே 5, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுவில் அசைவை மென்மையாக்கும் செட்டிங்) 30 சதவீதம். சமமாக வைத்தால் கீழிறங்கும் ஏலரான் பக்கம் இழுவை கூடி, இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு வலப்பக்கம் ஓடும். இது டைகர் மாத்தின் பிறவிக்குணம், நிஜ விமானத்திலும் அதற்காகவே ஏலரான் டிஃபரன்ஷியலாக (மேலே அதிகம், கீழே குறைவு) வைத்திருக்கிறார்கள். அதோடு ஏலரானுக்கு 25 சதவீதம் ரட்டர் மிக்ஸ் (ஏலரானோடு வாலின் ரட்டரும் சேர்ந்து திரும்புவது) போட்டு, ஒரு சுவிட்சில் வையுங்கள். தரையில் ஓட்டும்போது அதை அணைத்துவிடலாம்.

மோட்டார் 2 டிகிரி வலப்பக்கமும் 2 டிகிரி கீழ்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். அதை வாஷர் வைத்துச் சரிசெய்வதானால் ப்ராப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.